அழாத வால்வு

எனக்குப் பயம் அதிகம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பாய்லர் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவன் பயப்படாவிட்டால் வேறு எவன் பயப்படுவது? ஆனால் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் காம்பவுண்டில் இதை ஒரு வேடிக்கையாகவே வைத்திருந்தார்கள். "முனீர் பாய் பஸ் ஏர்றதுக்கு முந்தி டயரத் தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுவாரு" என்று எதிர்வீட்டு நஞ்சம்மா சொல்லிச் சிரிப்பாள். தட்டிப் பார்ப்பது உண்மைதான். உத்தனப்பள்ளி கிட்டே ராயக்கோட்டை பஸ்ஸின் பின்டயர் வெடித்தபோது அந்த டயருக்கு மேல் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். நஞ்சம்மா உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

என் தங்கை சுக்ராவின் புருஷன் ஷேக் தாவூத் எனக்கு நேர் எதிர். அவனுக்குப் பயம் என்கிற சாமானே உடம்பில் இல்லை. கெலவரப்பள்ளி அணையில் ஷட்டர் திறந்து தண்ணீர் இரைந்துகொண்டு போகும்போது கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நடந்து காட்டியவன். கல்யாணம் ஆகி மூன்றாம் மாதம் அது. சுக்ரா கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் இறங்கி வந்து, "மச்சானுக்குத்தான் தண்ணி குடிக்கக் குடுங்க, மூஞ்சி வெளுத்துப் போச்சு" என்றான்.

ஓசூர் சிப்காட்டில் நூலுக்குச் சாயம் போடும் ஒரு ஃபேக்டரியில் நான் பாய்லர் அட்டெண்டர். சர்ட்டிபிகேட் வாங்கின ஆள். தாவூதை அங்கே ஃபிட்டராகச் சேர்த்துவிட்டதும் நான்தான். நல்ல வேலைக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. எண்பத்தெட்டாம் வருஷம் நான் சொல்லப் போகிற இந்தக் காரியம் நடந்தபோது சுக்ராவுக்கு ஆறு மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை கலைந்திருந்தது. டாக்டரம்மா அவளைப் படியேறக்கூட வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். தினமும் நான் வேலைக்குப் புறப்படும்போது, "அண்ணே, அவரப் பாத்துக்க" என்று வாசலில் நின்று சொல்வாள். பத்திரமாக இரு என்று அவனிடம் சொன்னால் சிரிப்பான். அதனால்தான் என்னிடம் சொல்வாள்.

எங்கள் பாய்லரின் தலையில், ஆவி வெளியே போகிற குழாயில், ஒரு பெரிய வால்வு உண்டு. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அழுமூஞ்சி. சக்கரத்தின் தண்டு வால்வின் மூடிக்குள் நுழைகிற இடத்தில் கல்நார்க் கயிற்றைத் திணித்து, மேலே ஒரு வளையம் வைத்து, நட்டு போட்டு இறுக்கியிருக்கும். அதற்குக் கிளாண்டு என்று பெயர். எங்கள் வால்வில் அந்த இடம் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் ஆவி, கொஞ்சம் தண்ணீர். ஜலதோஷம் பிடித்த பிள்ளையின் மூக்கு மாதிரி. எனக்கு அது பழகிப்போன சத்தம். அந்தப் புஸ்ஸென்ற சத்தம் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி.

அந்த வருஷம் ஆயுத பூஜை நேரத்திலேயே பாய்லர் சோதனையும் வந்து சேர்ந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். பாய்லர் முழுக்கப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, வால்வை மூடி, வழக்கமாக ஓடுகிறதைவிட ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் அழுமூஞ்சி அழக்கூடாது என்று தாவூத் பழைய கயிற்றையெல்லாம் கம்பி போட்டு நோண்டி எடுத்துவிட்டு, புதுக் கயிறு திணித்து, நட்டை மூச்சைப் பிடித்து இறுக்கினான். சோதனையின்போது ஒரு சொட்டு இல்லை. இன்ஸ்பெக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு பேக்கிங் போட்டது?" என்று கேட்டார். தாவூத் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சோதனை முடிந்ததும் பாய்லர் தண்ணீரை வடித்துவிட்டு, அந்த வால்வைப் பாதி திறந்து வைப்பது எங்கள் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வந்ததே நேரம் கழித்துத்தான். அவரை வழியனுப்பி, தண்ணீரை வடித்துவிட்டு நான் மேலே ஏறிப் பார்க்கிறேன், சக்கரத்தில் கதம்ப மாலை தொங்குகிறது. வால்வின் மூடியில் சந்தனம் பூசி, நல்லெண்ணெயில் குழைத்த குங்குமத்தை உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருக்கிறார்கள். மேஸ்திரி கோவிந்தப்பன் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பாதி தெறந்து வெக்கணும் மேஸ்திரி" என்றேன்.

"பொட்டு வெச்சாச்சு பாய். இனிமே நாளைக்குப் பூசணிக்கா ஒடைக்கிற வரைக்கும் எந்தச் சக்கரத்தயும் தொடக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். எங்கள் ஃபேக்டரியில் அது கண்டிப்பான வழக்கம். பொட்டு வைத்த மெஷினுக்கு அன்றைக்கு ஓய்வு. நானே பத்து வருஷமாகப் பொரியும் கடலையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன். போகட்டும் என்று இறங்கிவிட்டேன்.

இந்த இடத்தில் வால்வின் உள்விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதெல்லாம் எங்கள் இன்ஜினியர் ஜெயமணி மேடம் பிறகு எனக்குச் சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்த வால்வைத் திறந்தால் உள்ளே ஒரு கனமான கதவு மேலே ஏறி ஆவிக்கு வழி விடும். மூடினால் கீழே இறங்கி இரண்டு பக்கமும் இரண்டு வளையங்களில் கச்சிதமாக உட்காரும். அந்தக் கதவு முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு தகடு. இரண்டுக்கும் நடுவிலும், மேலே மூடிக்குள்ளும் காலி இடம் இருக்கிறது. அதுதான் வால்வின் வயிறு. கதவு மூடினால் வயிறும் மூடிக்கொள்ளும். சோதனைத் தண்ணீர் அந்த வயிற்றில் முட்ட நிரம்பி, மாலையும் பொட்டுமாக அப்படியே அடைபட்டுக் கிடந்தது.

தண்ணீர் சூடானால் பெருக்கும். பெருக்க இடம் இல்லாவிட்டால், இடம் கேட்டுத் தள்ளும். இந்தத் தகட்டை இந்தப் பக்கமும் அந்தத் தகட்டை அந்தப் பக்கமும் தள்ளும். தள்ளத் தள்ளத் தகடுகள் வளையத்தில் இன்னும் இறுகும். அதற்கப்புறம் சக்கரத்தைப் பிடித்து யார் தொங்கினாலும் கதவு ஏறாது. உள்பக்கம் திறக்கிற கதவு உள்ள பாகலூர் பஸ்ஸில், கூட்டமெல்லாம் கதவோடு ஒட்டி நெருக்கிக்கொண்டு நின்றால் கதவைத் திறக்க முடியுமா? அந்த மாதிரி. பஸ்ஸுக்காவது ஜன்னல் இருக்கிறது. அந்த வயிற்றுக்கு இருந்த ஒரே ஜன்னல் கிளாண்டு. அதைத்தான் தாவூத் அடைத்துவிட்டான், அவ்வளவு நன்றாக.

மறுநாள் காலை ஃபேக்டரி வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். நான் தைலமரக் கட்டைகளைப் போட்டு பாய்லரை மூட்டினேன். அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறி ஏழு கிலோவில் வந்து நின்றது. அந்தப் பக்கம் சாயத் தொட்டிகளில் நூலைத் தொங்கவிட்டு ஆட்கள் ஆவிக்குக் காத்திருந்தார்கள். நான் மேலே ஏறி, மாலையை ஒதுக்கிவிட்டு, சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன்.

அசையவில்லை.

வால்வு சிக்கிக்கொள்வது புதிதல்ல. சிக்கின வால்வில்கூட ஒரு சின்ன ஆட்டம் இருக்கும், கைக்குத் தெரியும். இதில் அதுவும் இல்லை. சுவரில் வரைந்த சக்கரத்தைத் திருப்புகிற மாதிரி இருந்தது. விறகு போடும் கங்கப்பனைக் கூப்பிட்டு இரண்டு பேரும் தம் கட்டினோம். ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் கிளாண்டைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. சொட்டு இல்லை, சத்தம் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எப்போதும் முனகிக்கொண்டே இருக்கிற ஒரு ஆள் திடீரென்று வாயை மூடிக்கொண்டு நம்மையே பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

தாவூத் ஏறி வந்தான். சக்கரத்தில் ஒரு குழாயைச் செருகி நெம்பினான். குழாய்தான் வளைந்தது.

"துருப் புடிச்சிருக்குது மச்சான். சூடு காட்டுனா வுட்டுடும்" என்றான்.

இதுவும் எங்கள் வழக்கம்தான். இறுகின நட்டானாலும் சிக்கின வால்வானாலும் சூடு காட்டினால் இரும்பு விரியும், பிடி விடும். நூறு தடவை செய்திருக்கிறோம். கோவிந்தப்பன் கீழேயிருந்து, "பேகா, பேகா! மேனேஜர் ரெண்டு தபா ஆள் அனுப்பிட்டாரு" என்று கன்னடமும் தமிழுமாக அவசரப்படுத்தினார். கேஸ் டார்ச் வந்தது. ட்யூபை மேலே இழுத்துக்கொண்டு தாவூத் குழாய்மேல் குதிரை ஏறின மாதிரி உட்கார்ந்தான். வால்வின் மூடி அவன் மார்புக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

"மாப்ளே, கொஞ்சம் இரு" என்றேன். "மொதல்ல கிளாண்டு நட்டக் கொஞ்சம் தளத்திப் பாக்கலாம்."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் போட்ட பேக்கிங்கயா? இன்ஸ்பெக்டரே தடவிப் பாத்துட்டுப் போனாரு. அத அவுக்கணுமா?"

"அது அழுவவே இல்ல பாரு."

"அழாம இருக்கத்தான மச்சான் போட்டன்? நீங்க கீழ போங்க. போயி முள்ளப் பாத்துக்கங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமா வருது."

கங்கப்பன் சிரித்தான். கீழே கோவிந்தப்பனும் சிரித்தார். நான் இறங்கினேன். சிரித்தால் இறங்கிவிடுகிற ஆள் நான். என் சுபாவமே அப்படி.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். நீலத் தீ வால்வின் வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது. மாலையின் நுனி கருகி, பூ கருகுகிற வாடை பாய்லர் அறை முழுக்கப் பரவியது. சாவு விழுந்த மையத்து வீட்டில் சந்தனக் குச்சியும் பூவும் கலந்து ஒரு வாடை வருமே, அதை ஞாபகப்படுத்தியது. மூடியிலிருந்த குங்குமம் எண்ணெய் இளகி மெல்ல வழிய ஆரம்பித்தது. தாவூத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச், ஒரு கையால் சக்கரத்தைத் தட்டித் தட்டி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

என் பெண்டாட்டி ஃபரீதா பலாக்கொட்டை சுடும்போது ஒவ்வொரு கொட்டையையும் கத்தியால் ஒரு கீறு கீறித்தான் தணலில் போடுவாள். கீறாமல் போட்டால் உள்ளே இருக்கிற ஈரம் சூடேறி, வெளியே வர வழியில்லாமல், படாரென்று வெடிக்கும். ஒருமுறை ஒரே ஒரு கொட்டையை மறந்துவிட்டாள். அது வெடித்து எங்கள் பையன் ஜமீர் கண்ணுக்குக் கீழே சுட்டது. அந்த வடு இன்னும் இருக்கிறது. அந்த நினைப்பு அந்த நேரத்தில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. மேலே தீயில் இருக்கிறது ஒரு கீறாத கொட்டை. பன்னிரண்டு அங்குல உயரத்துக்கு இரும்புக் கொட்டை. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என் தங்கச்சி புருஷன்.

யா அல்லா என்று வாய்விட்டே சொன்னேன். கோவிந்தப்பனிடம் போய், "மேஸ்திரி, அவன எறங்கச் சொல்லுங்க. ஆறட்டும். சாயங்காலம் பாக்கலாம்" என்றேன். சொல்லும்போதே குரல் கீச்சென்று வந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தொட்டியில நூல் கெட்டுப் போவும் பாய். ஏன், என்னா ஆவும்னு பயப்படுறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பலாக்கொட்டை என்றா சொல்ல முடியும்?

அப்போது மேலேயிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டிக். அவ்வளவுதான். சூடான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வருமே, அது.

"பாத்தீங்களா, வுடுது!" என்று தாவூத் சந்தோஷமாகக் கத்தினான். "இன்னும் கொஞ்சம் சூடு காட்டுனாப் போதும்!" தீயைப் பெரிதாக்கினான்.

துரு விட்டாலும் அப்படி ஒரு சத்தம் வரும். அது எனக்கும் தெரியும். ஆனால் என் உடம்பு நம்பவில்லை. சுக்ரா வாசலில் நின்று சொன்னது மட்டும் காதில் இரைந்தது. நெருப்பை இழுத்துக் கொட்டி பாய்லரை அணைக்க நேரம் ஆகும். மேலே ஏறி அவனை இழுத்தால் வரமாட்டான், என்னைவிட பலசாலி. கத்தினால் சிரிப்பான். பிறகு நான் செய்ததை நான் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வின் கம்பி என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன்.

ஏழு கிலோ ஆவி கூரைக்கு மேலே போகிற குழாய் வழியாகப் பிளிறிக்கொண்டு கிளம்பியது. கேட்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அறையே நடுங்கும். பல்லெல்லாம் கூசும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் என் தொண்டை கிழியக் கத்தினேன்: "பாய்லர் போவுது! வெடிக்கப் போவுது! ஓடுங்க! தாவூது, ஓடு!"

பொய். பாய்லருக்கு ஒன்றும் இல்லை. முள் ஏழைத் தாண்டவே இல்லை. ஆனால் பாய்லர்காரன் ஓடு என்று கத்தினால் ஓடாதவன் எந்த ஃபேக்டரியிலும் கிடையாது. கோவிந்தப்பன் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். கங்கப்பன் எப்போது போனான் என்றே தெரியவில்லை. தாவூத் ஒரு கணம் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் முதல் தடவையாக என்னை நம்புகிற பார்வை. டார்ச்சை அணைத்துப் போட்டுவிட்டு அங்கிருந்தே குதித்தான். கீழே கட்டைக் குவியலில் விழுந்தான். கால் ஒடிகிற சத்தம் ஆவியின் இரைச்சலில் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

வெளியே முற்றத்தில் எல்லாரும் நின்றோம். அம்பது, அறுபது பேர் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் காத்திருந்தேன். இப்போது வெடிக்கும், இதோ வெடிக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஆவி ஓய்ந்தது. கூரைமேல் இரண்டு மைனா வந்து உட்கார்ந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மேனேஜர் வந்தார். பாய்லரின் முள்ளைப் பார்க்க ஆள் அனுப்பப் போனார். நான் வாசலில் குறுக்கே நின்றேன். "யாரும் உள்ள போவக் கூடாதுங்க. ஆறணும்" என்றேன். "என்னய்யா ஆறணும்?" என்று கேட்டார். "வால்வு" என்றேன். "பாய்லர்னு கத்தின?" என்றார். அதற்குள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். நான் வாசலை விடவில்லை. விறகு தள்ளும் கம்பி கையில் இருந்ததால் யாரும் கிட்டே வரவில்லை என்று பிறகு கங்கப்பன் சொன்னான். கையில் கம்பி இருந்ததே எனக்கு நினைவில்லை.

ஓசூர் ஆஸ்பத்திரியில் தாவூதுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டு போட்டார்கள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சுக்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போனதும் எழுந்துவிட்டாள்.

"பாய்லருக்கு ஒண்ணுமே ஆவலயாமே? நீ பயந்துகிட்டு எம் புருஷன் கால ஒடைப்பியா? இன்னும் கொஞ்சம் ஒசரத்துல இருந்திருந்தா? அண்ணே, எம் மூஞ்சில முழிக்காத. போ."

போனேன். அவள் சொன்னதில் என்ன தப்பு?

மறுநாள் காலை ஜெயமணி மேடம் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பி வந்தார். ஊருக்குப் போய்விட்டு வந்த பெட்டியோடு நேராக பாய்லர் அறைக்கே வந்துவிட்டார். மேனேஜர், கோவிந்தப்பன், இன்னும் நாலைந்து பேர். கோவிந்தப்பன் மேலே ஏறி ஆறிப்போயிருந்த சக்கரத்தை ஒரு கையால் திருப்பினார். சைக்கிள் பெல் மூடியைக் கழற்றுகிற மாதிரி சுலபமாகச் சுற்றியது. கீழே எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "பொய் சொல்லிக் கத்துற ஆள பாய்லர்ல வெச்சுக்க முடியாது மேடம். நாளைக்கு நெசமாவே ஆபத்து வந்து இந்தாளு கத்துனா எவன் ஓடுவான்?" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. ராத்திரி முழுக்க எனக்கும் அதே நினைப்புதான்.

மேடமும் சிரிக்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சூட்டுல அசையல. இன்னிக்கு ஆறினதும் தானா சுத்துது. துருவா இருந்தா ஆறினதும் எப்படிப் போவும்?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தண்ணி டெஸ்ட் முடிஞ்சு வால்வத் தெறந்து வெச்சீங்களா?"

"பொட்டு வெச்சிட்டாங்க மேடம்" என்றேன்.

அவர் கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டார். "மூடியக் கழட்டுங்க. கழட்டாம பாய்லர மூட்டக் கூடாது" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார்.

நானும் கங்கப்பனும் போல்ட்டுகளைக் கழற்றி, மூடியை இறக்கி மேஜைமேல் வைத்தோம். சந்தனம் கருகிப் பொறுக்குத் தட்டியிருந்தது. குங்குமம் எண்ணெயோடு வழிந்து ஒரு பக்கமாக உறைந்திருந்தது. மேடம் காட்டன் வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்து என் கையில் கொடுத்தார். துடைத்தேன். சந்தனம் போனது. குங்குமம் போனது. ஒரே ஒரு கோடு மட்டும் போகவில்லை.

தலைமயிர் கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. ஒரு போல்ட் ஓட்டையில் ஆரம்பித்து, மூடியின் தோளில் ஏறி, கிளாண்டின் கழுத்து வரைக்கும் வளைந்து போயிருந்தது. அழுத்தித் துடைத்தேன். கோடு மறைந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது உள்ளேயிருந்து சிவப்பு மறுபடி கசிந்து வந்தது. திரும்பத் துடைத்தேன். திரும்ப வந்தது.

பொட்டு வைத்த கோவிந்தப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மேடம்தான் மெதுவாகச் சொன்னார். வயிறு, தகடு, தண்ணீர் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். வார்ப்பு இரும்பு வளையாது, எச்சரிக்கையும் கொடுக்காது, அந்த டிக் என்ற சத்தம்தான் அது சொன்ன ஒரே வார்த்தை என்றார். "இது முழுசாப் பொளந்திருந்தா உள்ள இருந்த தண்ணி அந்த நிமிஷமே ஆவியாயிருக்கும். மூடி குண்டு மாதிரி போயிருக்கும். கிளாண்டக் கொஞ்சம் அழ விட்டிருந்தாப் போதும் முனீர் பாய்" என்றார். நான் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் பட்ட பயமெல்லாம் பயமே இல்லை. நேற்றுப் பயந்தது ஒரு நினைப்புக்கு. இன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் மேடத்திடம் கேட்டு, அந்த மூடியைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சுக்ரா வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாள். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். தாவூத் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான். நான் சாக்கைப் பிரித்து, மூடியை அவன் பக்கத்தில் கட்டில்மேல் வைத்தேன்.

கொஞ்ச நேரம் பார்க்காமல் இருந்தான். ஃபிட்டர் ஆயிற்றே, எத்தனை நேரம் இருக்க முடியும்? திரும்பினான். கோட்டைப் பார்த்தான். கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்து மெதுவாக இழுத்தான். நடுவில் ஒரு இடத்தில் நகம் மாட்டிக்கொண்டு நின்றது. அவன் மூச்சும் நின்றது.

"இது எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டான்.

"நீ உக்காந்திருந்த பக்கம்."

"நான்தான இறுக்குனன்?"

சுக்ரா டீ எடுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. தாவூத் சட்டென்று போர்வையை இழுத்து மூடியின்மேல் போட்டான்.

"என்னா அது?" என்று கேட்டாள் சுக்ரா.

"ஒண்ணுமில்ல. பழைய இரும்பு. மச்சான் காட்டக் கொண்டாந்தாரு" என்றான். பிறகு, அவளைப் பார்க்காமலே, "மச்சானுக்கு மொதல்ல குடு" என்றான்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினாள். என்னால் வாங்க முடியவில்லை. போர்வைக்கு அடியில் தாவூத் என் வலது கையைப் பிடித்திருந்தான். அவன் கை சில்லிட்டுப் போய் நடுங்கிக்கொண்டிருந்தது. கெலவரப்பள்ளிச் சுவர்மேல் நடந்த ஆளின் கை. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை, அழுகைதான் வந்தது. அவள் டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தாள், அவன் என் கையை விடவே இல்லை.